மெழுகு என்பது வினைச்சொல்

'மெழுகு' என்னும் சொல் தமிழில் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயராக வருங்கால், தேனடையிலிருந்து எடுப்பதும் திரியோடு சேர்ந்து எரிவதுமாகிய பொருளைக் குறிக்கும். வினையாக வருங்கால், தரையைச் சாணமிட்டுப் பூசித் தூய்மை செய்யும் செயலைக் குறிக்கும். வேராராய்ச்சியைச் சொல்லாய்வாளர்களுக்கு விட்டுவிடுவோம். வகுப்பறையில் நாம் மாணவர்க்குச் சொல்வது வேறொன்று: நம் பழைய இலக்கியங்களில் வினைச்சொல்லாகிய மெழுகுதான் நெஞ்சைத் தொடும் இடங்களில் வருகிறது.

புறநானூற்றின் 249ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். பலரோடும் பகிர்ந்துண்ட தலைவன் இறந்துவிட்டான். அவனுக்குச் சோறு படைக்க அவன் மனைவி ஒரு சிறு இடத்தைத் தூய்மை செய்கிறாள். அந்த இடம் ஒரு சுளகளவே இருக்கிறது. அதைச் சாணத்தால் மெழுகுகிறாள். அதற்கு நீராவது அவள் கண்ணீர். நம் கரிசல் ஊர்களில் முறத்துக்கு இன்றும் சுளகு என்றே பெயர். பட்டினப்பாலையில் மெழுகிய தரைக்கு 'மெழுக்கம்' என்றே பெயர் வந்திருக்கிறது. அப்பரடிகளோ, பொழுது புலர்வதற்கு முன் கோயிலைக் கூட்டி மெழுகுவதை வழிபாட்டின் முதற்படியாக வைக்கிறார். இவற்றில் எல்லாம் தரை ஒரு முறை போட்டு முடித்த பொருளாக இல்லை. அது மீண்டும் மீண்டும் செய்யப்படுவதாக இருக்கிறது.

இந்தச் சொல்லாராய்ச்சி நமக்கு வேண்டியதாயிற்று, அண்மையில் நேர்ந்த ஒரு விவாதத்தால்.

விருதுநகரில் தெப்பத்தை ஒட்டிய பழைய தெருக்களில் ஒன்றில் நம் நண்பரின் பூர்வீக வீடு இருக்கிறது. கீழே ஒரு காலத்தில் மிளகாய் வற்றலும் பருப்பும் அடுக்கிய கிட்டங்கி, மேலே மச்சு. மச்சின் தளம் முழுவதும் தேக்குப் பலகை. செட்டிநாட்டு மாளிகைகளுக்கு வந்த பர்மாத் தேக்கின் ஒரு பகுதி நம் வணிகர் வீடுகளுக்கும் வந்தது என்பது அந்தப் பலகைகளைப் பார்த்தாலே விளங்கும். முன்னூறு சதுர அடிக்கு ஓர் ஒட்டுப் பலகை கிடையாது. ஆனால் இப்போது அவை கறுத்து, அழுக்கேறி, ஓரங்களில் நார் கிளம்பிக் கிடக்கின்றன. நண்பர் ஒரு தரை ஒப்பந்தக்காரரை வரவழைத்திருந்தார். அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, பலகையைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு டைல்ஸ் ஒட்டுவது. மற்றது, இயந்திரத்தால் தேய்த்துவிட்டு பி.யு. பாலிஷ், அதாவது பாலியூரித்தேன் பூச்சு அடிப்பது. "அடிச்சுட்டுப் போயிட்டா பத்து வருசத்துக்கு நீங்க திரும்பிப் பார்க்க வேண்டாம் சார்" என்றார்.

திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதைத்தான் அவர் விற்றுக்கொண்டிருந்தார். நமக்கு அது உறுத்திற்று. தேன்மெழுகு பூசித் தேய்க்கலாமே என்று சொன்னோம். ஒப்பந்தக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இதை எழுதுகிறோம்.

மரமும் மெழுகும் சேர்வதைப் பற்றி நம் மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாளிலிருந்து சிவகாசியும் சாத்தூரும் செய்துவருவது அதைத்தானே? பெருமரம் போன்ற மென்மரங்களைச் சீவி எடுத்த குச்சிகளைக் கட்டையில் அடுக்கி, முனையை முதலில் உருகிய பாரபின் மெழுகில் தோய்க்கிறார்கள்; பிறகே மருந்தில் தோய்க்கிறார்கள். மெழுகு இல்லாவிட்டால் மருந்து 'சுர்' என்று எரிந்து அடங்கிவிடும், குச்சி பற்றாது. மருந்தின் நொடிநேரத் தீயை வாங்கி மரத்தின் கையில் கொடுப்பது மெழுகுதான். 2021ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக ஏறியது. 2007க்குப் பிறகு 14 ஆண்டுகள் கழித்து வந்த அந்த உயர்வுக்கு உற்பத்தியாளர்கள் சொன்ன காரணங்களுள் மெழுகும் ஒன்று. கிலோ 58 ரூபாயாக இருந்தது 80 ரூபாயாகிவிட்டது என்றார்கள்.

ஆக, மரத்தின் நுண்துளைகளில் மெழுகு இறங்கும் என்பதை நம் மக்கள் கைப்பழக்கமாக அறிந்திருக்கிறார்கள். எரிப்பதற்காக அறிந்த ஒன்றைக் காப்பதற்காக நாம் பயன்படுத்தவில்லை, அவ்வளவே. குச்சியில் இறங்கி அதை எரியச் செய்யும் அதே மெழுகுதான் பலகையில் இறங்கி அழுக்கையும் தேய்மானத்தையும் தான் ஏற்றுக்கொள்கிறது. நடக்கிற காலும் இழுக்கிற நாற்காலியும் முதலில் மெழுகைத் தேய்க்கும், மரத்தை அல்ல. தேய்ந்த மெழுகை மீண்டும் பூசிக்கொள்ளலாம். தேய்ந்த மரத்தை எந்த ஆசாரியாலும் திருப்பித் தர முடியாது.

எந்த மெழுகு என்ற கேள்வி அடுத்து வரும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், சன்னலோரம் வெயில் விழும் பலகையில் தனித் தேன்மெழுகைத் தடித்துப் பூசினால் காலில் ஒட்டும், தூசி படியும். இதற்கு உலகம் கண்ட மாற்று, கார்னவுபா மெழுகு. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அதை எடுக்கிறார்கள். வெயிலில் தன் ஈரம் போய்விடாதிருக்க அந்தப் பனை ஓலைமேல் பூசிக்கொள்ளும் மெழுகு அது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், கெட்டியானது. பனையை நம்பி வாழ்ந்த மண்ணில் பிறந்த நமக்கு, எங்கோ ஒரு பனை தன் வெயிலுக்குக் கண்டுபிடித்த மருந்து உதவுகிறது என்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. தேன்மெழுகோடு அதைச் சிறிது கலந்தால் தரை இறுகும், பளபளப்பும் கூடும்.

செய்முறை எளிது. மெழுகைச் சீவிப் பாத்திரத்திலிட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் வைக்கலாகாது. உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி எடுத்துச் சென்று, ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு டர்பன்டைன் கலந்தால் ஆறியபின் வெண்ணெய்ப் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். பலகையை முதலில் உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்த்துத் தூசு துடைக்க வேண்டும். வெறும் மரத்தில் மெழுகை மட்டும் பூசுவது போதாது. நீர்த்துளி விழுந்தால் வெள்ளைத் தழும்பு படும். அடியில் ஆளிவிதை எண்ணெயோ மெல்லிய அரக்குப் பூச்சோ கொடுத்து, அது காய்ந்தபின் மேலே மெழுகு. துணியில் சிறிதே தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசி, காயவிட்டு, பழைய கம்பளியால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். தடித்துப் பூசியவர் தரை வழுக்கும்; விருந்தினர் விழுவார். அதன்பின் நாள்தோறும் ஈரத்துணி வேண்டாம், பினாயில் வேண்டாம். துடைப்பமும் உலர்ந்த துணியும் போதும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, கால் அதிகம் படும் இடத்தில் மட்டும் மறுபூச்சு. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: கரையானுக்கு மெழுகு மருந்தாகாது. அதற்குத் தனி வழி பார்த்தே ஆக வேண்டும்.

எண்ணெய்க்குப் பேர்போன ஊர் விருதுநகர். ஆகவே நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ மரத்துக்குத் தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தடவிய அன்று பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை ஆளிவிதை எண்ணெயைப் போல் காய்ந்து இறுகுவதில்லை. பிசுபிசுத்து நின்று தெருப்புழுதியை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். நண்பர் வீட்டுப் பலகை கறுத்ததற்குப் பாதிக் காரணம் இந்த அன்பான எண்ணெய்தான். இன்னொன்றையும் பட்டாசு மண்ணில் இருந்துகொண்டு சொல்லாமல் விடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், காய்கிற வேதிவினையின் வெப்பம் வெளியேற வழியின்றித் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

இனி ஒப்பந்தக்காரரின் பக்கம் உள்ள நியாயம். பாலியூரித்தேன் கெட்டியானது. நீரைத் தடுப்பதில் மெழுகு அதன் அருகில் நிற்க முடியாது. கடை, உணவகம், சமையலறை போன்ற இடங்களில் அதைத் தேர்ந்தெடுப்பவரை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் அது மரத்தின்மேல் படலமாக நிற்பது. நம் ஊரின் எட்டு மாத வறட்சியில் பலகை சுருங்கும். ஐப்பசி மழையில் உப்பும். பலகை அசைகிறபோது படலமும் அதே அளவு அசைவதில்லை, இணைப்புகளில் விரியும். தேக்கோ இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உள்ள மரம். படலம் அதன்மேல் பிடிப்பதும் எளிதன்று. ஓரிடத்தில் கீறினால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுத் தளத்தையும் இயந்திரத்தால் மழித்துவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு மழிப்பிலும் பலகையின் கனம் குறையும். பத்தாண்டு திரும்பிப் பார்க்காதிருந்ததற்கு மரம் தன் தசையைக் கொடுக்கிறது. மெழுகுத் தரையில் கீறல் விழுந்தால் நாம் ஒரு துணியோடு உட்கார்ந்து அந்தச் சாண் இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். மெழுகு விரைவில் தேயும் என்பது குறைதான். அந்தக் குறையே நம்மைத் தரையோடு பழக வைக்கிறது.

பழக்கம் என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், நம் வட்டாரத்தில் தரை வெறும் அழகுப் பொருளன்று. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புக் கருவிக்கு இடமில்லை. முன்னாளில் ஐரோப்பாவின் வெடிமருந்துச் சாலைகளில் மரத்தளம் போட்டு, இரும்பாணிக்கு மாற்றாகச் செம்பாணி அடித்ததும் இதே அச்சத்தால்தான். அங்கே மெழுகை நாம் பரிந்துரைக்கவில்லை. உராய்வில் பிறக்கும் நிலைமின்சாரம் தரைவழியே இறங்கிப் போக வேண்டிய இடம் அது. ஆனால் பாடம் ஒன்றுதான். விரிப்பை வாங்கிப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிற இடத்தில், சிந்திய மருந்துத்தூள் நாள்தோறும் துடைக்கப்படாமல் சேர்கிறது. ஒரு பாதம் அதன்மேல் உரசுகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் தரையின் தலையில் கட்ட நாம் வரவில்லை. ஆனால் காப்பு என்பது ஒரு நாள் வாங்கி வைக்கும் பொருள் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த மண் எது?

இவ்வளவையும் நாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது, அவ்வளவு நேரமும் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய தாயார் பேசினார். எண்பதை நெருங்கும் வயது.

"தம்பி, நல்லாத்தான் சொல்லுதீக. இந்தப் பலகையை அந்தக் காலத்துல பொங்கலுக்குப் பொங்கல் தேய்ச்சது யாருன்னு ஒருத்தரும் கேக்கலையே. நானும் எங்க மாமியாரும்தான். மூணு நாள் முட்டி மடக்க முடியாது."

நாம் வாயடைத்துப் போனோம். புறநானூற்றுப் பெண்ணை வகுப்பில் ஆண்டுதோறும் கண்கலங்க விளக்குகிற நமக்கு, மெழுகுகிறவள் யார் என்ற கேள்வி இந்த மச்சில் தோன்றவேயில்லை. மெழுகுதல் என்ற வினையைப் போற்றி இத்தனை பத்தி எழுதினோமே, அந்த வினைக்கு எழுவாய் யார் என்று இலக்கணம் படித்த நாம் பார்க்காமல் விட்டோம்.

உலகம் முழுதும் இதுதான் கதை. பிரான்சின் மாளிகைகளில் காலில் தூரிகை கட்டிக்கொண்டு தரைமேல் சறுக்கிச் சறுக்கி மெழுகு தேய்ப்பதற்கென்றே பணியாளர் இருந்தார்கள். 1875இல் குஸ்தாவ் கைபோத் என்ற ஓவியர், சட்டையில்லாமல் முழந்தாளிட்டு மரத்தரையைச் சுரண்டும் மூன்று தொழிலாளரை வரைந்தார். அந்த ஆண்டின் அரசுக் கண்காட்சி அதை ஏற்க மறுத்துவிட்டது. மறு ஆண்டு, 1876இல், இம்ப்ரெஷனிஸ்டுகளின் இரண்டாம் கண்காட்சியில்தான் அது மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று பாரிசின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரையின் பளபளப்பைப் பார்த்து மகிழ்கிற கண்ணுக்கு, அதைத் தேய்க்கிற முதுகைப் பார்க்கப் பிடிப்பதில்லை. நம் ஊரிலும் இலங்கையிலும் சிவப்புச் சிமெண்டுத் தரைகளை மெழுகிட்டுக் கண்ணாடியாக வைத்திருந்த வீடுகளைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறோம். தேங்காய் மட்டையால் அதைத் தேய்த்த வீட்டுப் பெண்ணைப் பற்றியும் வேலைக்காரச் சிறுமியைப் பற்றியும் எழுதியவர் எத்தனை பேர்?

ஆகவே நம் கருத்தை நாம் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. டைல்சும் பி.யு. பாலிஷும் நம் வீடுகளுக்குள் நுழைந்தது வெறும் மோகத்தால் மட்டுமன்று. முட்டி தேய்ந்த பெண்கள் அவற்றை விரும்பினார்கள். அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு விடை சொல்லாமல் 'மரபைக் காப்போம்' என்று மேடையில் பேசுவது, மறுபடியும் அவர்களை முழந்தாளிடச் சொல்வதே ஆகும்.

விடை உண்டு என்றே நாம் நினைக்கிறோம். முன்னூறு சதுர அடி மரத்தளத்துக்கு முதல் முறை செலவாவது சில நாள். அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை அரை நாள். அந்த அரை நாளை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளட்டும். நீண்ட கைப்பிடியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டால் நின்றபடியே தேய்க்கலாம், குனியவும் வேண்டாம். இயலாதவர் ஆள் வைக்கட்டும். ஆனால் அதை எடுபிடி வேலையாக எண்ணிச் சில்லறை கொடுக்காமல், தொழில் தெரிந்தவருக்குரிய கூலியைக் கொடுக்கட்டும். பி.யு. பாலிஷுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் பணத்தில் அதற்குத் தாராளமாக இடமிருக்கிறது. மரபு என்று எதைக் காக்க நினைத்தாலும், அதன் உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ள ஆயத்தமாக இருப்பவருக்கே அதைக் காக்கும் உரிமை உண்டு. இது மச்சுப் பலகைக்கு மட்டும் பொருந்துவதில்லை என்பது வாசகர்க்குத் தெரியும்.

நண்பர் பலகையைப் பெயர்க்கவில்லை. படியேறியதும் வருகிற சமையல் தடுப்புக்கு மட்டும் பி.யு. அடிக்கட்டும் என்று முடிவாயிற்று; பெரிய அறைக்கு மெழுகு. போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரும் அவர் மகனும் நாமும் உப்புத்தாளும் துணியுமாக அங்கே இருந்தோம். முதல் நாள் மாலையே நம் முட்டி இரண்டும் பேசத் தொடங்கிவிட்டன. எண்ணெய்க் கறை நீங்கிய இடத்தில் தேக்கின் பொன்னிறம் தெரிந்தது. சன்னலோரம் இரண்டு பலகைகளில் கறுப்பு முழுதும் போகவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

தாயார் மாடியேறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் நான்கு எட்டு நடந்து பார்த்தார். "மூலையில சரியாத் தேய்க்கல" என்றார். அடுத்த ஞாயிறு மூலையைத் தேய்க்கப் போகிறோம்.